சிவப்புக் கோட்டின் உள்தையல்

அத்தியாயம் 6

"மேடம், 1813-ல யாருமே உட்காரவே மாட்டாங்களா?"

கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்த சுப்புராஜ், கால்களை அகட்டி வைத்தபடி நின்றான். மேலே சிவப்புக் கம்பளிக் கோட்டு. கழுத்தில், தாடையைத் தூக்கி நிறுத்தும் தோல்பட்டை. இடுப்புக்குக் கீழே, தும்மினால் கிழிந்துவிடும் போலிருந்த வெள்ளைக் கால்சட்டை. ஜூலை மாத வெயில் இத்தனைக்கும் மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

"படையில சேர்ந்தா நிக்கத்தான் வேணும். குந்தி இருக்கிற வேலையெண்டா நீர் அந்த ஐ.டி. கொம்பனியிலயே இருந்திருக்கலாம்," என்றாள் தாட்சாயினி.

"அவங்கதான் எந்திரிச்சுப் போன்னுட்டாங்களே மேடம்."

வேலை போன ஐ.டி.காரர்கள் சிலர் யோகா கற்றுக்கொள்வார்கள். விருதுநகர் சுப்புராஜ் துப்பறியக் கற்றுக்கொண்டான். குருவாக வாய்த்தவள் மொன்றியலின் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருக்கும் தாட்சாயினி. உரிமம் பெற்ற துப்பறிவாளர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருப்பதில் தேர்ந்தவள். இன்று அவள் தலையில் வெள்ளைத் துணித் தொப்பியும் கையில் மர வாளியுமாக, முகாமில் துணி தோய்க்கும் பெண்ணாக நின்றாள்.

இடம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் ஏரிக்கரைப் புல்வெளி. வெள்ளைக் கூடாரங்கள், விறகு அடுப்புகள், துப்பாக்கிகள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீமோடு வேடிக்கை பார்க்கும் ஜனங்கள். இந்தப் பக்கம் டி மெரோன் படைக்காரர்கள். அந்தப் படை உண்மையிலேயே இருந்த படைதான். இலங்கையிலும் மைசூரிலும் சண்டை போட்டுவிட்டு, 1813-இல் கனடாவுக்கு வந்து சேர்ந்த கூலிப்படை. இப்போது கோடையில் வார இறுதிதோறும் அந்தப் படையாக மாறுகிறவர்களில் பஸ் ஓட்டுநர் உண்டு, பள்ளி ஆசிரியைகள் உண்டு. கப்டன் பேனாட் வார நாட்களில் பல் வைத்தியர்.

இவர்களிடம் கைக்கடிகாரம் கிடையாது, கைப்பேசி கிடையாது, கறுப்புக் கண்ணாடி கிடையாது. எதைக் கொண்டுபோனாலும் "அந்தக் காலத்தில் இல்லை" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். இருந்தாலும் எல்லாச் சட்டங்களுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. அதைச் சுப்புராஜ் இன்னும் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளப் போகிறான்.

அதற்குள் வழக்கைச் சொல்லிவிடலாம்.

இந்தப் படையில் ட்ரம் அடிப்பவன் மதுஷன். இருபத்து நாலு வயது. நம்முடைய ஊரில் கிடந்த படை மொன்றியலுக்கு வந்தது என்று எங்கேயோ படித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் தானாக வந்து சேர்ந்தவன். படையின் உடுப்பு அறைக்கும் அவன்தான் பொறுப்பு. சென்ற இலையுதிர் காலத்தில் மதாம் லபெல் என்ற மூதாட்டி, தன் கணவரின் மூதாதை ஒருவர் அணிந்த அசல் டி மெரோன் அதிகாரியின் கோட்டைக் காட்சிக்கு வைக்கச் சொல்லி இரவல் தந்தார். கோட்டு குளிர்காலம் முழுக்க உடுப்பு அறையில் பெட்டிக்குள் இருந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். சாவி ஓர் ஆணியில் தொங்கியது. யாரும் எடுக்கலாம். ஜூன் மாதம் கோட்டைத் திருப்பி வாங்கிப்போன மதாம் லபெல், "இது என்னுடைய கோட்டு இல்லை," என்று போன் செய்தார்.

அசலை எடுத்துக்கொண்டு, யாரோ நகலை வைத்திருக்கிறார்கள். நகல் தைக்க யாரால் முடியும்? மதுஷனின் தாய் ஜொய்சி ரொக்ஸ்பரோவில் தையல் கடை வைத்திருக்கிறார். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. வோட்டுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அணிவகுப்பில், பழைய கால வழக்கப்படியே மதுஷனை வெளியேற்றுவது என்று முடிவானது. அதாவது, எல்லோர் முன்னாலும் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி, ட்ரம் அடித்துத் துரத்துவது. அடிக்கப் போவது அவனுடைய ட்ரம்தான்.

தாட்சாயினியின் அலுவலகத்துக்கு வந்த ஜொய்சி அழவில்லை. கோபமாக இருந்தார்.

"என்ர கடையில மூண்டு மெசின் கிடக்குது தங்கச்சி. இவன் அதுக்குக் கிட்டவும் வராமல் ஒரு வின்ரர் குளிர் முழுக்கக் கையால குத்திக் குத்தித் தனக்கெண்டு ஒரு கோட்டுத் தைச்சவன். விரல் எல்லாம் ஓட்டை. களவெடுக்கிறவன் இவ்வளவு பாடுபடுவானோ?"

அதனால்தான் தாட்சாயினியும் சுப்புராஜும் புதிதாகச் சேர வந்தவர்களாக இந்தச் சனிக்கிழமை இங்கே நின்றார்கள்.

"கப்டன் வாறார்," என்றான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற மதுஷன் மெதுவாக.

பேனாட் வந்தார். நல்ல உயரம், நரைத்த கிருதா, கண்ணில் வட்டக் கம்பிக் கண்ணாடி. சுப்புராஜைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு கால்சட்டையின் இடுப்பு மடிப்பை வெளியே புரட்டி, வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார். முகம் வாடிப்போனது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

சுப்புராஜுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். நிலைமைக்கு எது பொருந்தும் என்று தெரியாததால் இரண்டையும் சொன்னான்.

"உள்பக்கம் மெசின் தையலாம் அண்ணை," என்று மதுஷன் மொழிபெயர்த்தான். "பிரிச்சுப்போட்டுக் கையால தைக்கோணுமாம். அதுவரைக்கும் சனத்துக்கு முன்னால வரக்கூடாதாம்."

"உள்பக்கம்தானேப்பா? அதை யாரு பார்க்கப் போறா?"

மதுஷன் அதையும் மொழிபெயர்த்தான். பேனாட் நெஞ்சில் கைவைத்து ஒரே வார்த்தை சொன்னார். "நான்."

அவர் போன பிறகு சுப்புராஜ் மெல்ல முனகினான். "சார்ஜண்ட்கிட்டதான் மேடம் இதை வாங்கினேன். அந்த முறுக்கு மீசைக்காரர். ஆன்லைன்ல இந்த உடுப்பெல்லாம் விக்கிறாராம். 'வெளியில பார்க்கக் கைத்தையல், உள்ள மெஷின், கப்டன்கிட்ட சொல்லாதே'ன்னு கண்ணடிச்சார். நகல் கோட்டு செஞ்சது அவர்தான். வழக்கு முடிஞ்சிருச்சு. நான் பேன்ட்டை மாத்திக்கிறேன்."

"அவசரப்படாதையும்," என்றாள் தாட்சாயினி. சுப்புராஜ் பேன்ட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது, அவள் பார்வை கூடாரத்தின் நிழலில் இருந்த மதுஷன் மேல் இருந்தது. அவன் சுப்புராஜின் கால்சட்டையைக் கையில் வாங்கி, மெஷின் தையலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தான். நாளைக்குத் துரத்தப்படப் போகிறவன் இன்றைக்குப் புதியவனுக்குத் தையல் போடுகிறான்.

"தம்பி, நீர் ஏன் இண்டைக்கு வந்தனீர்? வராமல் விட்டிருக்கலாமே?"

மதுஷன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வராமல் விட்டா நான்தான் எடுத்ததெண்டு ஆகிடும் அக்கா. அதோட..." கொஞ்சம் யோசித்தான். "வேலையில நான் கொம்ப்யூட்டர் திருத்திற ஆள். வீட்டில ஜொய்சி அக்கான்ர மகன். இங்கதான் நான் ட்ரம் அடிச்சா எல்லாரும் நடக்கினம். நிப்பாட்டினா நிக்கினம். அம்மான்ர பேரையும் சேர்த்து இழுத்திட்டினம் எண்டதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

சுப்புராஜ் ஒரு நகைச்சுவையை எடுத்தான், பார்த்தான், திரும்ப வைத்துவிட்டான்.

*

பக்கத்து ஊரான கர்க்லாண்டில் மதாம் லபெல்லின் வீடு நேர்த்தியான புல்தரைக்கும் நேர்த்தியான பூனைக்கும் நடுவே இருந்தது. சொந்த உடுப்புக்குத் திரும்பியிருந்த சுப்புராஜ் கதிரையில் ஆழமாக உட்கார்ந்து, அதன் அருமையை உணர்ந்துகொண்டிருந்தான்.

மேசையில் சிவப்புக் கோட்டு. காலரும் கைமடிப்பும் வெளிர்நீலம். தாட்சாயினி விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். அந்துப்பூச்சி அரித்த துளைகள் இருந்தன. மெழுகுவர்த்தி சொட்டிய கறை இருந்தது. ஒரு பொத்தான் நசுங்கியிருந்தது.

"பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டேன், மதாம். எல்லாத் துளையும் அதே இடத்தில். பிறகு எப்படி உங்களுக்கு மட்டும் தெரிந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மதாம் லபெல் பூனையைத் தடவினார். "தெரிந்தது. அவ்வளவுதான்."

"கப்டனிடமும் அப்படியே சொன்னீர்களாமே."

"அவரிடம் வேறு எப்படிச் சொல்வது?" கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கூட்டம் இந்தக் கோட்டின் முன்னால் தொப்பியைக் கழற்றி நிற்கிறது. என் கணவர் அறுபத்தேழாம் வருடம் ஒரு மாறுவேட விருந்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போய், ஆடிய ஆட்டத்தில் வலது அக்குளைக் கிழித்துக்கொண்டு வந்தார். நான் என்னுடைய மெஷினில் வைத்து ஒரே ஓட்டாக ஓட்டினேன். கையில் இருந்தது பச்சை நூல். கையை உள்ளே விட்டுப் புரட்டினால்தான் தெரியும். திருப்பி வாங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். பச்சையைக் காணோம்."

தாட்சாயினி கோட்டின் கைக்குள் தன் கையை விட்டு, அக்குளைப் புரட்டினாள். சின்னச் சின்னக் கைத்தையல். அழகாக, வரிசையாக, பழுப்பு நூலில் இருந்தது. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. அவளிடம் இருக்கும் புன்னகைகளில் அதுதான் பெரியது.

"மதாம், நாளைக் காலை கோட்டை எடுத்துக்கொண்டு முகாமுக்கு வரமுடியுமா? உங்கள் சார்பில் நான் பேச வேண்டும்."

காரில் ஏறியதும் சுப்புராஜ் கேட்டான். "மேடம், நீங்க சிரிச்சீங்க. பயமா இருக்கு."

"நகல் செய்தவன் கறையைக் கொப்பி பண்ணியிருக்கிறான். பூச்சி ஓட்டையைக் கொப்பி பண்ணியிருக்கிறான். பொத்தானைச் சுத்தியலால தட்டி நசுக்கியிருக்கிறான். பச்சைத் தையலை மட்டும் ஏன் விட்டவன்?"

"கவனிக்கலையோ?"

"பூச்சி ஓட்டையை எண்ணினவன் பச்சை நூலைக் காணேல்லையோ? கண்டவன். செய்ய மனம் வரேல்லை. மெசின் தையல் எண்டா அவனுக்குக் கை கூசும். அசலில இருந்த பிழையை நகலில திருத்திப்போட்டான்."

சுப்புராஜ் விசிலடித்தான். "அப்ப ஜொய்சி அக்கா இல்லை. அவங்க மெஷின்ல அடிச்சுத் தள்ளியிருப்பாங்க. மீசைக்கார சார்ஜண்ட்டும் இல்லை. அவருக்கு மெஷின்னா கொண்டாட்டம்."

"ஓம்."

"அப்ப மதுஷன்? அவனும் கைத்தையல் பைத்தியம்தானே மேடம்?"

அதுதான் தாட்சாயினியையும் உறுத்திக்கொண்டிருந்தது. "அவன் மட்டுமில்லை, முகாமில பாதிப் பேர் அப்பிடித்தான். அவையளுக்குள்ள ஆரெண்டு என்னால சொல்லேலாது. அந்த ஆளே சொல்லோணும்."

"கேட்டா சொல்லிடுவாங்களா?"

"கேட்டாச் சொல்லமாட்டினம். அவமானப்படுத்தினாச் சொல்லுவினம்."

*

ஞாயிறு காலை. கயிற்றுக்கு அப்பால் நல்ல கூட்டம். முன்வரிசையில், பூப்போட்ட சட்டையோடு, கைப்பையை இறுகப் பிடித்தபடி ஜொய்சி நின்றார். "நீங்கள் கட்டாயம் வாங்கோ அக்கா," என்று தாட்சாயினிதான் சொல்லியிருந்தாள்.

படை இரண்டு வரிசையாக நின்றது. சுப்புராஜ் பின்வரிசையில், மதுஷன் கைப்படத் தைத்துக் கொடுத்த கால்சட்டையில் நின்றான். நடுவில் தனியாக மதுஷன். அவனுடைய ட்ரம் வேறொருவன் தோளில் தொங்கியது. பேனாட் கத்தரிக்கோலோடு முன்னால் வந்தார். அவர் முகம் நன்றாகவே இல்லை. இரவு தூங்காதவர் போலிருந்தார்.

"ஒரு நிமிடம்," என்றாள் தாட்சாயினி பிரெஞ்சில். மர வாளியைக் கீழே வைத்துவிட்டு, மதாம் லபெல்லின் கையிலிருந்து கோட்டை வாங்கிக்கொண்டு நடுவே வந்தாள். "நான் துணி தோய்ப்பவள் இல்லை. துப்பறிவாளர். இந்தக் கோட்டை நேற்று மதாமின் அனுமதியோடு ஆராய்ந்தேன். நீங்கள் வோட்டுப் போட்டது சரிதான்."

மதுஷன் தலை நிமிர்ந்தான்.

"தோள் லைனிங்கைப் பிரித்து உள்ளே பார்த்தேன். முழுக்க மெஷின் தையல். அதுவும் மட்டமான மெஷின் தையல். சாக்குப் பை தைக்கிறவன்கூட இதைவிட நன்றாகத் தைப்பான். ஊசி பிடிக்கத் தெரிந்த யாரும் இந்தக் குப்பையைச் செய்திருக்க முடியாது. ஆகவே இது ஏதோ தையல் கடை வேலை."

பிரெஞ்சு பேச வராவிட்டாலும் கேட்டால் புரிந்துகொள்ளும் ஜொய்சியின் முகம் கறுத்தது. "தாட்சாயினி, நீ என்ன கதைக்கிறாய்? நான் உன்னை இதுக்கே கூப்பிட்டனான்?" என்றார். பின்வரிசையில் நின்ற சுப்புராஜுக்குப் பிரெஞ்சு புரியாவிட்டாலும் ஜொய்சியின் தமிழ் புரிந்தது. திட்டம் தெரிந்த அவனுக்கே அது திட்டமா, நிஜமா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

தாட்சாயினி திரும்பவில்லை. "நேரத்தை வீணாக்க வேண்டாம், கப்டன். பொத்தானை வெட்டுங்கள்."

பேனாட் கத்தரிக்கோலை முதல் பொத்தானுக்குக் கொண்டுபோனார். அந்தப் பொத்தானைப் பிடித்திருந்த நூலைப் பார்த்தார். மதுஷனின் விரல்களைப் பார்த்தார். கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"மெஷின் இல்லை," என்றார்.

"என்ன, கப்டன்?"

"அது மெஷின் தையல் இல்லை. பின்தையல். மெழுகு தேய்த்த லினன் நூல். தோள் வளைவில் இரட்டை வரிசை." சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. "அந்த வளைவை மட்டும் நாலு தடவை பிரித்துத் தைத்தது. அதைக் குப்பை என்று சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?"

தாட்சாயினி கோட்டை விரித்துக் காட்டினாள். தோள் லைனிங் ஒரு நூல்கூடப் பிரிக்கப்படாமல் முழுசாக இருந்தது. "எனக்கு ஒன்றும் தெரியாது, கப்டன். நான் இதைப் பிரிக்கவேயில்லை. மூடிக் கிடக்கும் இந்தத் தோளுக்குள்ளே என்ன தையல் என்று தைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்."

பேனாட் கத்தரிக்கோலை மெதுவாகத் தாழ்த்தினார். அவரைப் பேச வைத்தது கர்வமா, மனசாட்சியா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டும் கலந்துதான் மனிதர்கள் உண்மை சொல்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்," என்றார். "அக்டோபரில். உடுப்பு அறைக்குப் பின்னால், தனியாக. போட்டதோடு விட்டிருக்கலாம். துப்பாக்கியையும் எடுத்துச் சுட்டேன். மருந்துப் பொறி பறந்து இடது கைமடிப்பில் விழுந்தது. நீலத்துணி எரிந்து ஓட்டையாகிவிட்டது. அசல் என் வீட்டில், தேவதாருப் பெட்டியில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இதைத் தைத்தேன்." மதுஷன் பக்கம் திரும்பினார். "வோட்டு நடந்தபோது வாயைத் திறந்திருக்க வேண்டும். தினமும் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவன் நான். எனக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. உன்னிடமும் உன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

அவர் தன் தொப்பியைக் கழற்றினார். கயிற்றுக்கு அப்பால் நின்ற ஜனங்கள், நாடகம் அருமை என்று கைதட்டினார்கள்.

மதுஷன் போய்த் தன் ட்ரம்மை மற்றவன் தோளிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து கப்டனின் எதிரே நின்றான். கண் கலங்கியிருந்தது. "எரிஞ்ச அண்டைக்கே எனக்குக் காட்டியிருந்தா நான் அம்மாட்டக் கொண்டுபோயிருப்பன்," என்று தமிழில் சொன்னான். பிறகு ஞாபகம் வந்து பிரெஞ்சில் சொன்னான்.

எல்லோரும் மதாம் லபெல்லைப் பார்த்தார்கள். கோட்டு அவருடையது. போலீஸா, வழக்கா என்று சொல்ல வேண்டியவர் அவர்.

"என் கணவரின் அந்த மூதாதை படையில் என்ன வேலை பார்த்தார், தெரியுமா?" என்றார் அவர். "கிடங்கில் போர்வையும் சப்பாத்தும் எண்ணிக் கொடுத்தார். ஒரு குண்டுச் சத்தம்கூடக் கிட்டத்தில் கேட்டவர் இல்லை. இருநூறு வருடம் கழித்து இப்போதுதான் அந்தக் கோட்டுக்கு முதல் துப்பாக்கிக் காயம். எனக்கு என் கோட்டு வேண்டும், தைத்து வேண்டும். யார் தைப்பது என்று நானே சொல்கிறேன்."

அவர் கயிற்றின் பக்கம் கைகாட்டினார்.

ஜொய்சி கயிற்றைத் தூக்கிக் கீழே குனிந்து உள்ளே வந்தார். முதலில் தாட்சாயினியைப் பார்த்தார். "உன்னோட பேந்து, இது முடியக் கதைக்கிறன்," என்றார். அந்தக் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மகனின் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார், இருக்கிறதா என்று. பிறகு கப்டனின் முன்னால் போய் நின்றார்.

"தைச்சுத் தாறன். ஆனால் மெசினிலதான் தைப்பன். எனக்கு மெசின்தான் தொழில். சம்மதமோ எண்டு கேள் தம்பி."

மதுஷன் பிரெஞ்சில் கேட்டான். பின்வரிசைக்கும் கேட்கும்படியாகவே கேட்டான். சார்ஜண்டின் மீசை துடித்தது. சுப்புராஜ் சிரிப்பை அடக்கத் தாடையைக் கழுத்துப் பட்டையில் அழுத்திக்கொண்டான்.

பேனாட் கண்ணை மூடினார். திறந்தார். நாற்பது ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன.

"சம்மதம்," என்றார். பிறகு, பிடுங்கப் போகும் பல்லைப் பற்றிக் கேட்கும் நோயாளியின் குரலில், "நூல் என்ன நிறம்?" என்று கேட்டார்.

மதுஷன் தாயைப் பார்த்தான். ஜொய்சி மதாம் லபெல்லைப் பார்த்தார்.

"பச்சை," என்றார் மதாம் லபெல்.